பால் பற்களும் பரம்பரைப் பழியும்

குழந்தையின் பல்லில் சொத்தை கண்டால், 'எங்கள் குடும்பத்துப் பல்லே அப்படித்தான்' என்பார்கள். 'எப்படியும் விழப்போகிற பால் பல்தானே' என்றும் தேற்றிக்கொள்வார்கள். இவ்விரு சமாதானங்களும் சேர்ந்து, தடுக்கக்கூடிய ஒரு நோயைத் தலைவிதியாக்கிவிடுகின்றன. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நடத்திய தேசிய ஆய்வில், ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சொத்தைப் பல் இருந்தது.

பரம்பரையின் பங்கை அளக்க இரட்டையர் ஆய்வு ஏற்ற வழி. ஒருகரு இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறத்தாழ முழுவதும் பொது. இருகரு இரட்டையருக்குச் சராசரியாகப் பாதியே பொது. சொத்தைக்கு மரபணுவே முதன்மைக் காரணமானால், ஒருகரு இரட்டையரிடம் ஒற்றுமை தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், இரட்டையராய்ப் பிறந்த 345 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. பல்லின் எனாமல் குறைபாடு, ஃபுளோரைடு சேர்க்காத குடிநீர், தாயின் உடற்பருமன் ஆகியவையே சொத்தையுடன் தொடர்புடையனவாகத் தெரிந்தன. பிரேசிலில் நடந்த முந்தைய ஆய்வு மரபின் பங்கைக் கூடுதலாகவே கணித்தது. ஆகவே இது இறுதித் தீர்ப்பு அன்று. எனினும், மரபணு மட்டும் பல்லை அரிப்பதில்லை. அதற்குச் சர்க்கரையும் வேண்டும்.

குடும்பத்தில் வருவதெல்லாம் மரபணுவில் வருவதன்று. சொத்தைக்குக் காரணமான பாக்டீரியா, பெரும்பாலும் தாயின் உமிழ்நீரிலிருந்து, ஒரே கரண்டியைப் பகிர்வதன் மூலமும் குழந்தையை அடைகிறது. சர்க்கரை வாய்க்குள் சென்ற சில நிமிடங்களிலேயே இந்தக் கிருமிகள் அமிலத்தை உண்டாக்குகின்றன. வாய் இயல்புநிலைக்குத் திரும்ப அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். எனவே எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம். கிரிவலப் பாதையில் நடந்தபடியே மிட்டாயைக் கொறிக்கும் பிள்ளைக்கும், சர்க்கரை கலந்த பால் புட்டியுடன் உறங்கும் பிள்ளைக்கும் ஆபத்து ஒன்றே.

ஆனால், ஆஸ்திரேலியாவின் தீர்வை அப்படியே இங்கு இறக்குமதி செய்ய இயலாது. திருவண்ணாமலை மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அனுமதிக்கப்பட்ட அளவான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது. அது பற்களில் கறையையும் எலும்புகளில் பாதிப்பையும் ஏற்படுத்தும். அண்டை மாவட்டங்களான தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தக் காரணத்தால்தான். ஆகவே இங்கு முதலில் வேண்டியது ஊர்தோறும் குடிநீர்ப் பரிசோதனை. அதனுடன், மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசி மணி அளவும், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் ஃபுளோரைடு பற்பசையைப் பெற்றோரின் மேற்பார்வையில் பயன்படுத்த வேண்டும்.

பொருளியல் நோக்கிலும் தடுப்பே சிக்கனம். ஸ்காட்லாந்தில் மழலையர் பள்ளிகளில் ஆசிரியர் முன்னிலையில் பல் துலக்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. அதன் எட்டாம் ஆண்டில், மிச்சமான சிகிச்சைச் செலவு திட்டச் செலவைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இருந்ததாக 2015-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. நம்மிடம் அதற்கான கட்டமைப்பு ஏற்கெனவே இருக்கிறது: அங்கன்வாடியும், மதிய உணவும், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும். உணவுக்குப் பின் வாய் கொப்பளிப்பதையும் நாளுக்கொருமுறை பல் துலக்குவதையும் அங்கேயே பழக்கலாம். தேவை ஒரு தூரிகையும் சிறிதளவு பற்பசையும்தான்.

பல்வலியால் உண்ணவும் உறங்கவும் இயலாத குழந்தைக்கு வகுப்பில் கவனம் நிலைப்பதில்லை. அந்த இழப்பு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் பதிவாவதில்லை. ஆனால் அதன் சுமை ஏழைப் பிள்ளையின் மீதே அதிகம் விழுகிறது. மரபணுவை நம்மால் மாற்ற இயலாது. அங்கன்வாடியின் அன்றாட நடைமுறையை மாற்ற இயலும்.