பெரும்பாக்கம்: ஆற்றங்கரையிலிருந்து சதுப்பு நிலத்துக்கு

சென்னையின் தெற்கு விளிம்பில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி அமைந்துள்ள பெரும்பாக்கம், நாட்டின் மிகப்பெரிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுள் ஒன்று. கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த உழைக்கும் மக்கள், ‘வெள்ள அபாயத்திலிருந்து பாதுகாப்பு’ என்ற காரணம் கூறப்பட்டு இங்குக் குடியேற்றப்பட்டனர். ஆனால் அவர்கள் குடியேற்றப்பட்ட இடம், தென் சென்னைப் புறநகரின் மழைநீர் வடிந்து சேரும் தாழ்நிலம். இம்முரணைத் திட்டமிடலில் நேர்ந்த பிழை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. நகரத்தில் யாருக்கு எந்த நிலம் என்பதைச் சாதியும் வர்க்கமும் இணைந்து தீர்மானிக்கும் முறை இதில் வெளிப்படுகிறது.

யார் வாழ்கிறார்கள்?

2000-ஆம் ஆண்டையொட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவானது. அங்கு 15,656 வீடுகள், அதை ஒட்டிய எழில் நகரில் 8,048, செம்மஞ்சேரியில் 6,764, பெரும்பாக்கத்தில் 23,864. நான்கையும் கூட்டினால் 54,332 வீடுகள். வீட்டுக்கு 4 பேர் என்று கொண்டால், அனைத்தும் நிரம்பும்போது 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரம் இது. ஒரே பொருளாதார நிலையில் உள்ளவர்களை மட்டும் ஓரிடத்தில் குவித்து உருவாக்கப்பட்ட நகரமும்கூட.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, குடிசைப் பகுதிகளிலோ 20.4 விழுக்காடு. சென்னையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. செங்கல்பட்டு, வட ஆற்காடு பகுதிகளின் நிலமற்ற தலித் மக்கள் துறைமுகம், ரயில்வே, கட்டுமானம், துப்புரவு ஆகிய பணிகளுக்காக நகருக்கு வந்தனர். பட்டா நிலம் எட்டாத அவர்களுக்கு ஆற்றங்கரைகளும் கால்வாய் ஓரங்களுமே எஞ்சின. ஆகவே, கரைகளைக் ‘காலி செய்யும்’ எந்தத் திட்டமும் தலித் குடும்பங்களையே மிகுதியாகத் தாக்கும். தீண்டாமை என்பது இடம் சார்ந்த பிரிப்பும் ஆகும் என்று அம்பேத்கர் விளக்கியதை இங்கு நினைவுகூர வேண்டும். ஊருக்கு வெளியே சேரி இருந்தது. இன்று மாநகருக்கு வெளியே மறுகுடியமர்வுக் குடியிருப்பு இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் (மேம்பாடு மற்றும் அகற்றல்) சட்டம், ஒரு பகுதியைக் குடிசைப் பகுதியாக அறிவித்து, அது இருக்கும் இடத்திலேயே மேம்படுத்த வழிசெய்கிறது. அவ்வாண்டில் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. அதன்பின் அறிவிக்கும் நடைமுறை ஏறக்குறைய நின்றுபோனது. அறிவிக்கப்படாத பகுதிகளின் மக்கள் ‘ஆட்சேபணைக்குரிய புறம்போக்கில்’ இருக்கும் ஆக்கிரமிப்பாளர்கள் ஆயினர். அதே காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மீது மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் அரசு நிறுவனங்களும் எழுந்தன. அவற்றை ஆக்கிரமிப்பு என்று யாரும் அழைப்பதில்லை.

வாழ்விடத்தை இழப்பது வாழ்வாதாரத்தை இழப்பதாகும்; வாழ்வாதார உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். காலை 6 மணிக்கு வீட்டு வேலைக்கோ துப்புரவுப் பணிக்கோ செல்ல வேண்டிய பெண்ணுக்கு அத்தொலைவு பேருந்துக் கட்டணமாகவும் இழந்த உறக்கமாகவும், பல நேரங்களில் இழந்த வேலையாகவும் மாறுகிறது.

நீரும் வெப்பமும்

சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. தென் புறநகரின் ஏரிகள் நிரம்பி வழியும் நீர் பள்ளிக்கரணையில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சிய பகுதி உள்ளிட்ட 1,247 ஹெக்டேர் 2022-இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. நீர் தங்கும் இடம் சுருங்கினால், அது அருகிலுள்ள தெருக்களில் தங்கும்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. அவ்வெள்ளத்தைக் காரணம் காட்டியே ஆற்றங்கரைக் குடும்பங்கள் பெருமளவில் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கத்தையும் செம்மஞ்சேரியையும் வெள்ளம் சூழ்ந்தது.

கோடையின் துன்பம் வேறுவகை. பெரும்பாக்கத்தின் 8 மாடிக் கட்டடங்களில் ஒவ்வொரு வீடும் 400 சதுர அடிக்கும் குறைவு. பகலில் கான்கிரீட் உள்வாங்கிய வெப்பம் இரவில் அறைக்குள் வெளியேறுகிறது. கடலோர ஈரப்பதத்தால் வியர்வை உலர்வதில்லை. மின்சாரம் நின்றால் மின்விசிறியோடு தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் மின்தூக்கியும் நிற்கின்றன. எட்டாவது மாடியில் வாழும் முதியவருக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் அது வீட்டுக்காவல். சென்னையின் வெப்பநிலை என்று செய்திகளில் வருவது நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களின் அளவீடு. இவ்வறைகளுக்குள் நிலவும் வெப்பம் அதில் இல்லை.

எதைக் கோர வேண்டும்?

முதலாவதாக, மறுகுடியமர்வுக் குடியிருப்புகளின் மக்கள்தொகையைச் சாதிவாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு திட்டத்துக்கும் முன் வெள்ளம், வெப்பம் குறித்த மதிப்பீட்டை மக்கள் முன்வைக்க வேண்டும். மூன்றாவதாக, அகற்றுவதற்கு முன் அதே பகுதியில் மாற்று நிலம் தேட வேண்டும். புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் பழைய வாரியக் குடியிருப்பு இருந்த இடத்திலேயே அடுக்குமாடிகள் எழுப்பப்பட்டன. அவற்றின் கட்டுமானத் தரம் 2021-இல் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது உண்மை. எனினும் நகருக்குள் நிலமில்லை என்ற வாதம் பொய் என்பதற்கு அதுவே சான்று. நான்காவதாக, ஏற்கெனவே குடியேறியவர்களுக்கு வடிகால், தடையற்ற மின்சாரம், இயங்கும் மின்தூக்கி, மருத்துவமனை, பேருந்து ஆகியவற்றை உரிமையாக உறுதிசெய்ய வேண்டும்.

குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. வாழ்விடம் என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால், நகரின் நடுவே வாழும் உரிமை தலித் மக்களுக்கும் உண்டு என்பதை ஏற்பதிலிருந்துதான் அது தொடங்க வேண்டும்.