தண்ணீர் புகுந்தாலும் மூழ்காத படகு

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்கள் குறைந்து, ஃபைபர் படகுகள் மேலும் பெருகின. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மிதக்கும். அதன் மரமே தண்ணீரைவிட லேசானது. கண்ணாடியிழையும் ரெசினும் சேர்ந்த ஓடு அப்படியல்ல, தண்ணீரைவிடக் கனமானது. உள்ளே காற்று இருக்கும்வரைதான் மிதக்கும்.

அந்தக் காற்றைப் பல அறைகளாகப் பிரித்துக் காப்பவை குறுக்குத் தடுப்புகள். அணியம் மோதி உடைந்தால் அந்த ஓர் அறை மட்டுமே நிறையும்.

கடல்நீர் தாங்கும் பிளைவுட் பலகையைப் படகின் வளைவுக்கேற்ப வெட்டுகிறார்கள். பலகை ஓட்டில் நேராக முட்டினால் அந்த இடத்தில் நாளடைவில் விரிசல் விழும். எனவே இடையில் ஃபோம் பட்டை வைக்கிறார்கள். ஓட்டின் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு, பலகையின் இருபுறமும் ரெசினில் தோய்த்த கண்ணாடியிழை நாடாவை அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள்.

தடுப்பு மேல்தளம் வரை எட்ட வேண்டும். 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கில் 16 அறைகள் இருந்தன. தடுப்புகளுக்குப் போதிய உயரமில்லை. ஓர் அறை நிரம்பி வழிந்து அடுத்ததற்குள் தண்ணீர் பாய்ந்தது. வயருக்குப் போட்ட துளையை அடைக்காமல் விட்டாலும் இதே கதிதான்.

மேல்தளமில்லாத மீன்பிடிப் படகில் முன்னும் பின்னும் மூடிய அறைகள் அமைத்து ஃபோம் நிரப்பலாம். படகு மிதந்தால்தான் அதைப் பற்றிக் கிடப்பவர், தேடி வருவோர் கண்ணில் படுவார்.