காலேஜ் குவாட்டர்பேக் 'போர்ட்டல்'ல பெயர் கொடுத்தா என்ன ஆகும்?

கையில் ஆஃபர் இல்லாமலே பேப்பர் போட்டிருக்கீங்களா? அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் கல்லூரி வீரர் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதேதான். 2018-ல் வந்த இந்தப் பட்டியலில் பெயர் ஏறியதும் மற்ற கல்லூரிகள் அவரிடம் நேரடியாகப் பேசலாம். பழைய கல்லூரி ஸ்காலர்ஷிப்பை நிறுத்தவும் செய்யலாம்.

குவாட்டர்பேக்குக்கு ரிஸ்க் இன்னும் அதிகம். பந்தை யாருக்கு எறிவது என்று முடிவெடுக்கும் அந்த இடம் டீமுக்கு ஒன்றுதான். ஏற்கெனவே ஆள் இருந்தா, நீங்க பெஞ்சுல.

கேம் வார்டைப் பாருங்க. பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அவரைச் சீண்டலை. சின்ன டீமான இன்கார்னேட் வேர்டில் தொடங்கி, 2022-ல் வாஷிங்டன் ஸ்டேட், 2024-ல் மயாமி என்று தாவினார். 2025 என்எஃப்எல் டிராஃப்டில் டென்னசி டைட்டன்ஸ் முதல் ஆளாக எடுத்தது அவரைத்தான்.

ஆனா அந்த முதல் தாவல் குருட்டுத் தாவல் இல்லை. அவரோட பழைய கோச் எரிக் மோரிஸ் அதே சீசனுக்கு வாஷிங்டன் ஸ்டேட்டில் சேர்ந்திருந்தார். நம்ம பாஷையில், ரெஃபரல்.