மோட்டார் முன்விளக்குக்கு ஏற்ற பல்பு

அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளைக் களத்தினின்று இரவிலும் கொண்டுசெல்ல நேரிடுவதால், கார், ஜீப்பு முதலியன வைத்திருக்கும் குடியானவர்கள் இருட்டில் கிராமப் பாதைகளில் செல்வது சகஜமாகிவிட்டது. அதே பாதைகளில் விளக்கில்லாத மாட்டு வண்டிகளும், சைக்கிளில் செல்வோரும், நடந்து செல்வோரும் வருகின்றனர். ஆகையால் முன்விளக்கின் பல்பு கெட்டுவிட்டால், மாற்றுப் பல்பை ஆராய்ந்து வாங்குதல் அவசியமாகும். அதிக வெளிச்சமே அதிக க்ஷேமம் என்று எண்ணுவது சரியன்று. விளக்கு எந்தப் பல்புக்காகச் செய்யப்பட்டதோ, அதே இனத்துப் பல்பே அதற்குத் தகுந்தது.

இனம் அறியும் வழி

பழைய பல்பின் அடிப்பாகத்தில் இனம், வோல்ட், வாட் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். எச்-4 என்னும் இனத்தில் இரண்டு இழைகளும், பின்புறம் மூன்று தகட்டு முனைகளும் உண்டு. 12 வோல்ட் பல்பில் தூர வெளிச்சத்திற்கு 60 வாட்டும், தாழ்ந்த வெளிச்சத்திற்கு 55 வாட்டும் செல்லும். எச்-7 இனத்தில் 55 வாட் இழை ஒன்றே உண்டு. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. லாரிகளுக்குரிய 24 வோல்ட் பல்பைக் காரில் போட்டால் மங்கி எரியும். 12 வோல்ட் பல்பை லாரியில் போட்டால் உடனே கெட்டுவிடும்.

வாட் மிகுதியால் வரும் கேடு

கடைகளில் 100 வாட் பல்பைச் சிலர் விரும்பிக் கேட்கின்றனர். 60 வாட் பல்பு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 100 வாட் பல்போ 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பியில் உண்டாகும் உஷ்ணம் மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், அது ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்காகும். இதனால் சுவிட்சும் ஹோல்டரும் உருகுவதுடன், தீப்பற்றவும் இடமுண்டு.

எல்.இ.டி. பல்புகள்

எச்-4 பல்பில் தாழ்ந்த வெளிச்சத்திற்குரிய இழையின் கீழ் சிறு உலோகத் தகடு ஒன்று உண்டு. அது வெளிச்சம் விளக்குக் கிண்ணத்தின் மேற்பாதியில் மட்டும் பட்டுத் தரையை நோக்கித் திரும்பும்படி செய்கிறது. இழை இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம் பிறவாத எல்.இ.டி. பல்பை அக்கிண்ணத்தில் பொருத்தினால், வெளிச்சம் சிதறி எதிரில் வருவோர் கண்ணைக் கூசச் செய்யும். கண் கூசியவருக்குத் தம் முன்னே செல்லும் வண்டி தெரியாது. முன்விளக்கு பிறர் கண்ணைக் கூசச் செய்யலாகாதென்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளும் கூறுகின்றன.

வெளிச்சம் மங்கினால்

பல்பைக் குறைகூறுமுன் கம்பி முனைகளையும், வண்டியின் உடலோடு இணையும் கம்பியையும் பார்த்துத் துருவைச் சுரண்டுக. பல்புக்குச் செல்லும் வோல்ட் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், வெளிச்சம் நூற்றுக்கு முப்பது பங்கு குறையும். புழுதி படிந்த கண்ணாடியும் வெளிச்சத்தைக் குறைக்கும்.

பொருத்தும் முறை

பல்பு ஆறிய பின்னரே கழற்றுக. புதிய பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் கண்ணாடியைக் கெடுக்கும். இருபுறப் பல்புகளையும் ஒருங்கே மாற்றுவது நலம். பின்னர் வண்டியைச் சம தரையில் சுவருக்கு 10 மீட்டர் தூரத்தில் நிறுத்தித் தாழ்ந்த வெளிச்சத்தைப் போட்டால், அதன் மேல் விளிம்பு விளக்கின் மத்தியைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கவேண்டும். பின்புறம் மூட்டை ஏற்றினால் முன்புறம் நிமிருமாதலால், விளக்கையும் அதற்கேற்பத் தாழ்த்திக்கொள்க.

கிராம உத்தியோகஸ்தர்கள் இவற்றை வண்டி வைத்திருப்போருக்கு எடுத்துரைப்பதோடு, மாட்டு வண்டிகளின் பின்புறம் வெளிச்சம்பட்டு ஒளிரும் சிவப்புத் தகடு பதிக்கும்படியும் செய்வார்களாயின், இரவில் நேரும் உயிர்ச்சேதமும் மாட்டுச்சேதமும் பெரிதும் குறையும்.