தண்டனைக்கு அஞ்சாதவர்களா?

ஜவ்வாது மலைவாசிகளைப்பற்றிச் சமவெளியில் ஓர் அபிப்பிராயம் உலவுகிறது. அவர்கள் பயமறியாத முரடர்களாம். சிறைக்கும் துப்பாக்கிக்கும் அஞ்சாமல் ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்டப் போகிறார்களாம். இது சரிதானா என்று சற்று விசாரிப்போம்.

மலையாளிகள் என்று பெயர் பெற்ற இவர்கள் மலையாள தேசத்தார் அல்லர்; தமிழ் பேசும் நம்மவர்களே. முன்னோர் காஞ்சீபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய கர்ணபரம்பரைக் கதை. ஜமுனாமரத்தூரைச் சுற்றிய சரிவுகளில் சாமை விதைத்து, தேனும் புளியும் சேர்த்து, வானம் பார்த்து ஜீவிக்கிறார்கள். மழை பொய்த்தால் கடன். கடனுக்குப் பின்னாலேயே முன்பணத்துடன் தரகன் வருகிறான். கட்டிட வேலை என்று சொல்லியே அழைத்துப் போவதும் உண்டு. கடப்பை, சித்தூர்ப் பக்கத்துக் குன்றுகளில் விளையும் செம்மரம் ஜப்பானில் வாத்தியமாகவும் சீனாவில் மேஜை நாற்காலியாகவும் ஆகிறது. வெட்டியவன் காண்பது கூலி மட்டுமே.

2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வன அதிகாரிகள் இருவர் கொலையுண்டார்கள். உடனே தமிழ்நாட்டுக் கூலிகள் நூற்றுக்கணக்கில் சிறைப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7-ந் தேதி அதே காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி ஜில்லாக்களைச் சேர்ந்தவர்களே பெரும்பாலோர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். கூட வந்தவர்களில் சிலரைப் போலீஸார் வழியிலேயே பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமைக் கமிஷனிடம் சொன்னார்கள். இவ்வளவுக்கும் பிறகு பிரயாணம் நின்றதா? இல்லை. 2018 பிப்ரவரியில் கடப்பை ஜில்லா ஒண்டிமிட்டா ஏரியில் சேலம் ஜில்லா மலைக்காரர் ஐவரின் சடலங்கள் கிடைத்தன.

அபாயத்தை மனிதர் எப்படி எடைபோடுகிறார்கள் என்பதை ஆராய்ந்த பண்டிதர்கள் உண்டு. 1999-ல் ஸீ, வெபர் என்ற இருவர் அமெரிக்கரையும் சீனரையும் ஒப்பிட்டார்கள். அமெரிக்கரே துணிச்சல்காரர் என்று எல்லோரும் எண்ணியிருக்க, பண விஷயத்தில் சீனரே அதிகம் துணிந்தார்கள். விழுந்தால் தாங்குவதற்குச் சுற்றத்தார் இருக்கிறார்கள் என்ற தைரியமே காரணம் என்பது ஆராய்ந்தவர்களின் கருத்து. ஜவ்வாது மலையிலும் தகப்பன் சிறை சென்றால் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றச் சுற்றம் உண்டு. ஆனால் அதே சுற்றத்தின் கடன் அவன் தலைமேலும் இருக்கிறது. நஷ்டம் நிச்சயம் என்று தோன்றும்போது மனிதன் சூதையே நாடுகிறான் என்று கானெமன், ட்வெர்ஸ்கி இருவரும் 1979-லேயே எழுதினார்கள். வீட்டிலிருந்தால் பட்டினி நிச்சயம். போனால் பிடிபடுவது சந்தேகம். இந்தக் கணக்குப் போடுகிறவனை முரடன் என்பது நியாயமன்று. நாமும் அந்த நிலையில் வேறு கணக்குப் போட்டிருப்போமா?

தண்டனையின் விஷயம் இன்னும் விசித்திரமானது. 2008-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 16 நகரங்களில் மாணவர்களைப் பொது நிதிக்குப் பணம் போடும் ஆட்டம் ஆடச் செய்தார்கள். பங்கு தராதவனுக்கு மற்றவர்கள் அபராதம் போடலாம். பாஸ்டன் போன்ற ஊர்களில் பட்டவன் திருந்திப் பங்கு கொடுத்தான். ஏதென்ஸ், மஸ்கட் நகரங்களிலோ ஒழுங்காகப் பணம் போட்டவன்மீதே அபராதம் பாய்ந்தது. பட்டவன் பழி தீர்த்தான் போலும்! ஆகவே தண்டனையின் பலன் அதன் கடுமையில் மட்டும் இல்லை. யார் கொடுக்கிறார், பட்டவன் அதை எப்படிக் கொள்கிறான் என்பதிலும் இருக்கிறது.

ஊர்ப் பெரியவர்கள் கூடி அபராதம் விதிப்பது மலைவாசிகளின் பழைய வழக்கம். செய்த குற்றம் ஊருக்குத் தெரியும். கட்டியவன் மறுபடி ஊரோடு உட்காருவான். வெள்ளைக்காரச் சர்க்கார் 1882-ல் இயற்றிய சென்னை வனச் சட்டம் முதற்கொண்டு காட்டின் தண்டனை அந்நியர் கைக்குப் போயிற்று. அந்நியர் போய்விட்டார்கள், முறை மாறக் காணோம். வன அதிகாரிகள் கொலை வழக்கில் திருப்பதிக் கோர்ட்டு 2016-ல் 287 பேரை விடுதலை செய்தது. அதற்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே சிறை என்றால், மலைவாசி அதை இடி விழுவதுபோல விதியென்றே கொள்வதில் என்ன வியப்பு? விடுதலையாகி வந்தவர்களுக்காகப் பழைய கடன் வாசலிலேயே காத்திருந்திருக்கும் என்று சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை.