உங்களுக்குத் தெரியுமா? பறிபோன மிராசு

வாலாஜாபாத்தின் பெயரில் வாழும் நவாப் முகமது அலி வாலாஜா, படையுதவிக்கு ஈடாக 1763-ல் செங்கல்பட்டு ஜாகிரை, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு கூடிய நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். அப்போதெல்லாம் களத்து மேட்டில் நெல் தூற்றியதும் தலையாரி, வெட்டியான், தச்சர், குயவருக்கெல்லாம் அவரவர் ஊர்ப்பணிக்கான உரிமைப் பங்கான ‘சுதந்திர’ நெல்லை அளந்துவிட்டுத்தான் அரசுக்கு மேல்வாரம், பயிரிட்டவருக்குக் குடிவாரம் என்று குவியலைப் பிரிப்பார்கள்.

அந்த ஜாகிருக்கு 1794-ல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் வரி வருமானத்தை உயர்த்துவதிலேயே குறியாக இருந்தார். பரம்பரை நில உரிமை கொண்ட பூந்தமல்லி மிராசுதார்கள் அவர் கேட்ட தொகைக்கு உடன்பட மறுத்தார்கள். அந்த மிராசு உரிமையையே பறித்து வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டார் பிளேஸ்! கொடுமைதான்.

வரிக்கு எதிர்ப்பு இங்கு மட்டுமல்ல. அதே 1794-ல், போர்க் கடனை அடைக்கப் போட்ட விஸ்கி வரியை எதிர்த்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதிபர் வாஷிங்டன் படையோடு கிளம்பினார்.

மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் ராமர் காத்ததாகச் சொல்லும் ‘ஏரி காத்த ராமர்’ கதையில் வருகிற கலெக்டரும் செங்கல்பட்டின் இந்தப் பிளேஸ்தான்.