மீத்திறன் மாணவரின் மனநலமும் தமிழாசிரியரும்

மீத்திறன் மாணவர்க்குப் பிறர் உதவி வேண்டியதில்லை என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. அறிவு முந்தியிருப்பதால் மனமும் முதிர்ந்திருக்கும் எனக் கருதிவிடுகிறோம். இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதையும், தமிழ் வகுப்பில் அதன் விளைவு யாது என்பதையும் இங்குச் சுருக்கமாக நோக்குவோம்.

1921இல் லூயிஸ் டெர்மன் கலிபோர்னியாவில் 1,500க்கும் மேற்பட்ட மீத்திறன் சிறாரை ஆராயத் தொடங்கினார். அறிவில் மிக்க பிள்ளைகள் உடல் நலிந்தவர்கள், பிறருடன் பழக இயலாதவர்கள் என்று அக்காலத்தில் நிலவிய நம்பிக்கையை அவ்வாய்வு மறுத்தது. ஆகவே, மீத்திறன் தன்னளவில் ஒரு மனநலக் குறைபாடு அன்று என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். எனினும், அவர் காலத்தவரான லீட்டா ஹாலிங்வொர்த், அறிவுத்திறன் மிக உயர்ந்த குழந்தைகளிடம் தனிமையுணர்வு காணப்படுவதைச் சுட்டினார். பதினைந்து வயதினர்க்குரிய நூலைப் படித்துணரும் பத்து வயதுச் சிறுவன், விளையாட்டில் தோற்றால் பத்து வயதுப் பிள்ளையாகவே அழக்கூடும். அறிவும் உணர்வும் ஒரே வேகத்தில் வளராத இந்நிலையை ‘ஒத்திசைவற்ற வளர்ச்சி’ எனலாம்.

இத்தகைய மாணவர் நாள்தோறும் கேட்பது ‘நீ கெட்டிக்காரன்’ என்னும் பாராட்டையே. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அறிவுக்காகப் பாராட்டப்பட்ட சிறார், கடினமான வினாக்களில் தோற்றபின் விரைவில் ஊக்கம் இழந்தனர்; முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களோ தொடர்ந்து முயன்றனர். அறிவே தன் அடையாளம் என நம்பும் பிள்ளைக்கு ஒவ்வொரு பிழையும் அவ்வடையாளத்தின் இழப்பாகிவிடுகிறது.

தமிழாசிரியர் கருத வேண்டிய இடம் இதுவே. ஆங்கிலத்தையே வீட்டுமொழியாகக் கொண்ட மீத்திறன் மாணவர்க்கு, தாம் முதலிடத்தில் இல்லாத ஒரே பாடமாகத் தமிழ் அமைந்துவிடலாம். பிழைக்கு அஞ்சி அவர் வாய் திறவாதிருப்பார். அம்மௌனத்தை ஆர்வமின்மை என நாம் கொள்வோமாயின், மொழியும் மனமும் ஒருங்கே நலிவுறும்.

சிங்கப்பூரில் 1984இல் தொடங்கிய மீத்திறன் கல்வித் திட்டம், தேர்ந்தெடுத்த மாணவரைச் சில பள்ளிகளில் ஒன்றுதிரட்டியது. அத்திட்டம் அவ்வடிவில் தொடராது என்றும், எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் இம்மாணவர்க்கு வாய்ப்பளிக்கப்படும் என்றும் பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 ஆகஸ்டில் அறிவித்தார். அவ்வாண்டில் தொடக்கநிலை 1இல் பயின்றோரிடமிருந்து இம்மாற்றம் தொடங்குகிறது. எனவே, இம்மாணவரின் மனநலம் ஒருசில பள்ளிகளின் பொறுப்பாக மட்டும் இனி இருத்தல் இயலாது.

ஆசிரியர் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, விடையைப் பாராட்டாது, விடை தேடிய முறையைப் பாராட்டுதல். இரண்டாவது, மதிப்பெண் இல்லாத பேச்சுக்கும் எழுத்துக்கும் வாரந்தோறும் இடமளித்தல். பிழை செய்தும் மதிப்பு குறையாத அனுபவம் அங்குக் கிட்டும். மூன்றாவது, உறக்கமின்மை, அடிக்கடி வரும் தலைவலி, முடித்த பணியைக் கிழித்தெறிதல் முதலியன தொடருமாயின், பெற்றோரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் காலந்தாழ்த்தாது கலந்து பேசுதல்.

மீத்திறன் மாணவரும் குழந்தையே. தோற்கவும் திருத்திக்கொள்ளவும் உரிமையுள்ள ஓரிடமாகத் தமிழ் வகுப்பு அமையுமாயின், அவர் தமிழைவிட்டு விலகார்.